எஃப் ஒன் சொல்லாத இரண்டு மீட்டர் எழுபது

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் போன மாதம் வரைபட மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டிருக்கிறார்கள். பழைய ஹெல்ப் பக்கம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்னப் பெட்டி வருகிறதாம். நாம் பேசுகிற மாதிரியே கேள்வியை எழுதினால் அதுவும் பேசுகிற மாதிரியே பதில் சொல்லுமாம். அங்கே இப்போது வரைவுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நிவேதா போனில் சொன்னார்.

“பதில் அழகா சொல்லுது மேடம். ஆனா பாதி நேரம் நாங்க கேக்காத கேள்விக்குச் சொல்லுது.”

“பழைய ஹெல்பும் அதையேதாம்மா செஞ்சுது. அழகா சொல்லலை, அவ்ளோதான்” என்றேன்.

“நீங்கள்லாம் எப்படி மேடம் அதை வெச்சுக்கிட்டு வேலை செஞ்சீங்க? எழுதுங்களேன், நாங்க படிக்கிறோம்.”

எழுதலாம் என்று தோன்றியது. சாலையைப் போட்டவரைப் பற்றிப் பேசுவார்கள், திறந்துவைத்தவரைப் பற்றி அதைவிட அதிகமாகப் பேசுவார்கள். வரைந்தவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது.

என் பெயர் கலாவதி. கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தேன். முதல் பன்னிரண்டு வருடம் டிரேசிங் பேப்பரில் மைப் பேனாவால் வரைந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு வாரம், தினம் ஒரு மணி நேரம். அங்கே கோடு போடவும் வட்டம் போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். மீதியை யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டேன். அந்த மாஸ்டர் கீபோர்டின் மேல் வரிசையில் இருந்த எஃப் ஒன் பொத்தானைக் காட்டினார்.

“அதை அழுத்துங்க. எல்லாம் அதுல இருக்கு.”

எல்லாம் அதில் இருந்தது. அதுதான் சிக்கல்.

பயிற்சி முடிந்த கையோடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்தேன். சாலை, சிறுபாலம், வடிகால் ஆகியவற்றுக்கு வரைபடம் போட்டுத் தருகிற இடம். மொத்தம் ஏழு பேர். நடத்தியவர் தணிகாசலம் சார். அரசாங்க வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வந்த பொறியாளர்.

சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சிறுபாலத்தின் வரைபடம் கொடுத்தார்கள். தரைக்கு அடியில் போகும் குழாயைப் புள்ளிக் கோடாகக் காட்ட வேண்டும். புள்ளிக் கோடு என்று தேர்ந்தெடுத்துத்தான் வரைந்தேன். திரையில் முழுக் கோடாகவே நின்றது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் முழுக் கோடு. எஃப் ஒன்னை அழுத்தி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ‘டாட்டட் லைன் நாட் ஷோயிங்’ என்று தேடினேன். முந்நூறுக்கும் மேல் பக்கங்கள் வந்தன. ‘லைன்’ என்ற சொல் இருந்த பக்கம் எல்லாம் வந்திருந்தது. வரைபட மென்பொருளில் ‘லைன்’ இல்லாத பக்கம் ஏது? ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்துக்கூட்டிப் படித்து, மூடி, காலையில் உட்கார்ந்தவள் சாப்பாட்டு நேரம் வரை அதே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேஜையில் முரளி. என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனால் எனக்கு முன்பே அங்கே சேர்ந்தவர். கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அலுவலகத்தில் சாருக்கு ஒரு விதி இருந்தது. குறைந்தது பத்து நிமிடமாவது நாமே தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் என்னென்ன வார்த்தை போட்டுத் தேடினோம் என்று ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிறகுதான் வேறு யாரையும் கேட்கலாம்.

சீட்டைக் கொண்டுபோனேன். எட்டு வார்த்தைகள் எழுதியிருந்தேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

“இந்த எட்டுல நீங்க சொல்ற பேர் எத்தனை, அது சொல்ற பேர் எத்தனை?”

புரியவில்லை.

“ஊர்ல குண்டுன்னு கூப்பிடுற ஆளைத் தேடி தாலுக்கா ஆபீஸ்ல போய் குண்டு இருக்காரானு கேட்டா என்ன சொல்லுவாங்க? ரேஷன் கார்டுல இருக்கிற பேரைச் சொல்லணும். இதுக்கும் அப்படித்தான். உங்களுக்கு அது புள்ளிக் கோடு. அதுக்கு வேற பேர் இருக்கும். பேரை மொதல்ல கண்டுபிடிங்க.”

எரிச்சலாக இருந்தது. பேர் தெரிந்தால் நான் ஏன் தேடப்போகிறேன்? சாயங்காலம் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். மறுநாள் தேடுவதை விட்டுவிட்டு, அந்தக் கோட்டின் பண்புகளைக் காட்டும் பெட்டியைத் திறந்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படித்தேன். ‘லைன்டைப் ஸ்கேல்’ என்று ஒரு வரி. அதை ஹெல்பில் போட்டேன். முதல் பக்கத்திலேயே பதில். புள்ளிகள் இருந்தன, ஆனால் என் வரைபடத்தின் அளவுக்கு அவை மிகவும் பொடியாக இருந்ததால் ஒட்டிக்கொண்டு முழுக் கோடாகத் தெரிந்தன. ஒரு எண்ணை மாற்றினேன். குழாய் தரைக்கு அடியில் போனது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழி உண்டானது. தேடல் பெட்டியில் முதலில் எதையும் எழுதமாட்டேன். பொத்தானின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு பெயர் வரும், அதைக் குறித்துக்கொள்வேன். கட்டளையைக் கொடுத்தால் திரையின் அடியில் அது திருப்பி ஏதோ கேட்கும். அதில் வரும் சொற்கள் அதனுடைய சொந்தச் சொற்கள், அவற்றையும் எழுதிக்கொள்வேன். மூலையை வளைக்க ‘ரவுண்ட் கார்னர்’ என்று தேடினால் எண்களை முழுமையாக்கும் பக்கம்தான் வரும், ‘ஃபில்லெட்’ என்று கேட்டால்தான் வளைக்கும் பக்கம் வரும் என்பதை இப்படித்தான் கற்றேன். பக்கத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும் பட்டியல்களை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். பதில் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது வருடம் முடிவதற்குள் சீட்டுகள் என்னிடமே வர ஆரம்பித்தன. முரளியே ஒரு நாள் ஒன்றை நீட்டினார். “மேடம், படத்தைத் திருப்பிப் போட்டா எழுத்தும் கண்ணாடியில பாக்கிற மாதிரி திரும்பிக்குது. பதினோரு வார்த்தை போட்டுப் பார்த்துட்டேன்.” பன்னிரண்டாவது வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்துக்கொள்ள முயன்றேன். முடிந்ததா என்று தெரியவில்லை.

தணிகாசலம் சார் வரைபடம் பார்க்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். உட்கார்ந்து பார்க்கமாட்டார். பெரிய மேஜையில் தாளைத் தலைகீழாகத் திருப்பி விரித்து, நாலு மூலையிலும் கல் வைப்பார். “நேரா பார்த்தா மனசு தானா படிச்சிடும். தலைகீழா பார்த்தா கண்ணு படிக்கும்” என்பார். சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு எந்த மூலையிலிருந்தும் ஆரம்பிப்பார். தப்பு கண்டால் திட்டமாட்டார். அந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். “இந்த அளவு எங்க பார்த்தீங்க?” அவ்வளவுதான். ‘யாரோ சொன்னாங்க’ என்று பதில் சொன்னால் பென்சில் அங்கிருந்து நகராது. கள அளவுப் புத்தகத்தின் பக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஹெல்பில் எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும்.

பிறகு ஒரு பதிப்பில் ஹெல்ப் முழுவதையும் இணையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற வருகிற கூட்டத்தில் ஆளுக்கு ஒரு போன். டவர் திணறிப்போகும். அன்றைக்கு எஃப் ஒன்னை அழுத்தினால் வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “அதுவும் கிரிவலம் போவுது மேடம்” என்பார் முரளி. நான் பழைய பதிப்பின் ஹெல்ப் கோப்பை என் கம்ப்யூட்டரில் அழிக்காமல் வைத்திருந்தேன். பழசு என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

இனி அந்த ஒரு விஷயம்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் கிழக்கு மேற்காகப் போகும் ஒரு கிராமச் சாலையை அகலப்படுத்தும் வேலை. சாலைக்குத் தெற்கே வரிசையாக வீடுகள். வடக்கே பெரும்பாலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வயல், நடுவில் ஒரே ஒரு வீடு. சாலையும் எல்லையும் உள்ள வரைபடம் எங்களிடம் மீட்டர் கணக்கில் இருந்தது. வீடுகளை அளந்து கொடுத்தது வெளியூர் அளவை நிறுவனம் ஒன்று. அவர்கள் வரைபடம் அடிக் கணக்கில் இருந்தது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினேன். அடியை மீட்டராக மாற்றுவதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். பொருத்திய பிறகு ஒரு வீட்டின் அகலம், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டின் தூரம் எல்லாவற்றையும் அளவுப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தேன். ஒரு விரலளவு வித்தியாசம் கூட இல்லை. சார் தலைகீழாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதை வைத்து, அகலப்படுத்தும்போது இடிபடும் கட்டிடங்களின் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தோம். தெற்கு வரிசையில் பதினாலு வீடுகள். பட்டியலை ஊரில் ஒட்டினார்கள்.

நான்காவது நாள் காலையில் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் செல்வி. அந்த ஊரில் வீட்டின் முன் அறையில் மாவு மில் வைத்திருப்பவர். பட்டியலில் அவர் வீடு எட்டாவது, முன்பக்கம் ஐந்தடி இடிபடும் என்று போட்டிருந்தோம். ஐந்தடி போனால் மில் போய்விடும்.

அழவில்லை, சத்தம் போடவில்லை. வரைபடத்தைப் போட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

“ரோட்டு ஓரத்துலேர்ந்து எத்தினி அடி எடுக்கறீங்க மேடம்?”

“பதினஞ்சு அடிங்க.”

“எங்க ஊட்டு வாசப்படி ரோட்டு ஓரத்துலேர்ந்து பத்தொம்பது அடி. கொத்தனார்கிட்ட டேப் வாங்கி நானும் எங்க ஊட்டுக்காரரும் மூணு வாட்டி அளந்தோம். பதினஞ்சு எடுத்தா பத்தொம்பதுல இருக்கிற ஊடு எப்பிடி இடியும்? இன்னா கணக்குங்க இது?”

வரைபடத்தைத் திறந்து அளந்தேன். சாலை ஓரத்திலிருந்து அவர் வாசல்படி பத்தடியில் இருந்தது. காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் பத்துனு சொல்லுது. டேப்பு பத்தொம்பதுனு சொல்லுது. நீங்க எதை நம்புவீங்க?”

சார் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. வெளியே வந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “ஊட்டுக்கு ஊடு அளந்து பார்த்தீங்க. ரோட்டுக்கும் ஊட்டுக்கும் அளந்து பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. அதை இன்றைக்கும் மறைக்கப்போவதில்லை. சாலை ஒரு வரைபடத்தில் வந்தது, வீடு இன்னொன்றில் வந்தது, இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நான் சோதிக்கவில்லை. சாரும் சோதிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது என் தப்பாகத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றே செல்வியோடு நானும் முரளியும் ஊருக்குப் போனோம். பதினாலு வீட்டையும் அளந்தோம். எல்லா வீடும் நிஜத்தில் இருப்பதைவிட வரைபடத்தில் வடக்கே நகர்ந்து, சாலையை நெருங்கி நின்றது. எல்லாம் ஒரே அளவு. இரண்டு மீட்டர் எழுபது சென்டிமீட்டர். ஊரின் ஒரு மூலையிலிருந்த கோயில் மதிலை வைத்துப் பார்த்ததில் கிழக்கேயும் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. ஒரு முழு ஊரே கலையாமல் அப்படியே தள்ளி உட்கார்ந்திருந்தது.

திரும்பிவந்து ஹெல்பில் உட்கார்ந்தேன். ‘ஷிஃப்ட்’ என்று தேடினேன். கீபோர்டில் ஷிஃப்ட் பொத்தானை எப்போதெல்லாம் அழுத்தலாம் என்று நூற்றுக்கணக்கில் பக்கங்கள் வந்தன. ‘மூவ்’ என்று தேடினால் ஒன்றை எப்படி நகர்த்துவது என்று சொன்னது. நகர்ந்துவிட்டதே என்று நான் அழுதுகொண்டிருக்கிறேன், அது நகர்த்தக் கற்றுக்கொடுக்கிறது. ‘ராங் பொசிஷன்’ என்றால் எழுத்தை எந்தப் பக்கம் வைப்பது என்றது. சீட்டு நிரம்பி, பின்பக்கமும் பாதி நிரம்பியது.

இடிபடும் பட்டியலைப் பற்றி ஊர்க்காரர்களிடம் பேச அதிகாரிகள் வைத்திருந்த கூட்டத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. முரளி நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மேடம், எவ்ளோ நகர்ந்திருக்குனு தெரிஞ்சு போச்சு. மொத்தமா புடிச்சு ரெண்டு எழுபது கீழ தள்ளிடுங்க. பட்டியலை மாத்திக் குடுத்துடலாம். வேலை முடிஞ்சுது.”

“ஏன் நகர்ந்துதுனு தெரியாம தள்ளினா, அடுத்த ஊர்லயும் அதே ரெண்டு எழுபதுனு எப்படிச் சொல்றது? இதே ஆளுங்க இன்னும் மூணு ஊருக்கு அளந்து குடுத்திருக்காங்க.”

முரளி சாரைப் பார்த்தார். சார் சொன்னார், “தள்ளலாம். ஏன் தள்ளினீங்கனு அந்த அம்மா கேட்டா?”

மறுநாள் பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், நடந்துதான் அலுவலகம் வந்தேன். இணையம் இல்லை. எஃப் ஒன்னில் வட்டம் சுற்றியது. தேட வழி இல்லாததால் பழையபடி தாளும் பேனாவும் எடுத்தேன். டிரேசிங் பேப்பர் காலத்துப் பழக்கம். ஒரு கணக்கு புரியவில்லை என்றால் எதையாவது எதனாலாவது வகுத்துப் பார்ப்பேன்.

வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் வடக்கே இவ்வளவு, கிழக்கே இவ்வளவு என்று ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து தூரம் உண்டு. அந்த ஊர் அந்தப் புள்ளியிலிருந்து வடக்கே பதின்மூன்றரை லட்சம் மீட்டர். கிழக்கே இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் மீட்டர். வடக்கே நகர்ந்த இரண்டு எழுபதைப் பதின்மூன்றரை லட்சத்தால் வகுத்தேன். பத்து லட்சத்துக்கு இரண்டு என்று வந்தது. கிழக்கே நகர்ந்த ஐம்பத்தெட்டு சென்டிமீட்டரை இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தால் வகுத்தேன். அதுவும் பத்து லட்சத்துக்கு இரண்டு.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஊர் நகரவில்லை. ஊர் பெரிதாகியிருந்தது. பத்து லட்சம் மீட்டருக்கு இரண்டு மீட்டர் வீதம் மொத்த வரைபடமும் உப்பியிருந்தது. வீட்டின் அகலத்தில் அது ஒரு தலைமுடி அளவுகூட வராது, அதனால்தான் வீட்டுக்கு வீடு அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. தொடக்கத்திலிருந்து பதின்மூன்றரை லட்சம் மீட்டர் தள்ளி வரும்போது அந்தத் தலைமுடிகள் சேர்ந்து ஒரு மாவு மில்லை இடிக்கப் போதுமானதாகிவிட்டன.

அப்படியென்றால் அடியை மீட்டராக மாற்றியதில்தான் தப்பு. அளவின் அலகைக் காட்டும் பெட்டியைத் திறந்தேன். அதில் ஒரு பட்டியல் கீழே விரியும். நான் பத்து வருடத்துக்கும் மேலாக அதைத் திறந்து, மேலே இருக்கும் மீட்டரைத் தேர்ந்தெடுத்து மூடிக்கொண்டிருந்தேன். முதன்முறையாகக் கடைசி வரை படித்தேன். அங்குலம், அடி, மைல் என்று ஆரம்பித்து ஒளியாண்டு வரை போனது. கிராமச் சாலை போடுகிறவருக்கு ஒளியாண்டு எதற்கு என்று அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அதற்கும் கீழே இன்னொரு அடி இருந்தது. ‘யு.எஸ். சர்வே ஃபீட்’. அளவை நிறுவனத்தின் கோப்பு அந்த அடி என்று குறிக்கப்பட்டிருந்தது.

பெயர் கிடைத்துவிட்டது. என் கம்ப்யூட்டரிலிருந்த பழைய ஹெல்பைத் திறந்து அந்தப் பெயரை எழுதினேன். ஒரே ஒரு பக்கம் வந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை. சாதாரண அடிக்கு எத்தனை மீட்டர், அமெரிக்காவில் நில அளவைக்கு வைத்திருக்கும் அடிக்கு எத்தனை மீட்டர் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஏழாவது தசமத்தில்தான் வித்தியாசம் ஆரம்பித்தது. கழித்து வகுத்தேன். பத்து லட்சத்துக்கு இரண்டு.

நம் ஊர் அடியில் அளந்துவிட்டு, கோப்பில் அந்த அடி என்று யாரோ தெரியாமல் குறித்திருக்கிறார்கள். அது எந்த அடி என்று நானும் பார்க்கவில்லை. குறிப்பை மாற்றி மறுபடி பொருத்தினேன். பதினாலு வீடும் தெற்கே போய், அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. செல்வியின் வாசல்படி பத்தொன்பது அடியில் நின்றது. பதினாலில் ஒன்றுகூட எடுக்கும் எல்லைக்குள் இல்லை.

சாரிடம் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, “எங்க பார்த்தீங்க?” என்றார். அந்தப் பக்கத்தை அச்செடுத்து நீட்டினேன், என் வகுத்தல் கணக்கையும் சேர்த்து. நின்றுகொண்டே இரண்டு தரம் படித்தார். மூன்றாவது தரம் உட்கார்ந்து படித்தார். அவர் உட்கார்ந்து எதையும் சரிபார்த்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

“இதை ஹெல்ப் கண்டுபிடிக்கலைம்மா. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க, அது ஆமாம்னு சொல்லியிருக்கு” என்றார்.

அன்றைக்கே அவர் கையாலேயே சாலை அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். பிழை எங்கள் அலுவலகத்தில் சரிபார்க்காமல் விட்டதால் வந்தது என்றும், அதைக் கண்டுபிடித்தவர் வரைவாளர் கலாவதி என்றும் இரண்டே வரி. அளவை நிறுவனத்தின் மேல் பழி போட்டு ஒரு வார்த்தை இல்லை. மற்ற மூன்று ஊர்களையும் திறந்து பார்த்தோம். இரண்டில் அதே குறிப்பு, ஒன்றில் சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளியிருந்தால் சரியாக இருந்த ஊரைக் கெடுத்திருப்போம். முரளி டீ வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் ஊர் தெற்கே போகும்போது எல்லாமே தெற்கே போகும். வடக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரே வீடு கோவிந்தசாமி என்பவருடையது. பழைய வரைபடத்தில் அவருடைய சுற்றுச்சுவர் சாலையைவிட்டு வசதியாகத் தள்ளி இருந்தது. இப்போது அதுவும் இரண்டு மீட்டர் எழுபது இறங்கி, எடுக்கும் எல்லைக்குள் வந்துவிட்டது.

சார் யோசித்தார். “பதினாலு பேருக்கு நல்ல சேதி சொல்ல யார் வேணாலும் போகலாம். இந்த ஒருத்தருக்கு நீங்கதான் போகணும். கூட்டத்துல பத்து பேர் முன்னால அவர் கேக்கக்கூடாது.”

மறுநாள் முரளியோடு போனேன். கோவிந்தசாமி மினி வேன் ஓட்டுபவர். அறுபதை நெருங்கியவர். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். துணியைப் பிழிந்து வேனின் மேல் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“போன வாரம் அவங்க ஊடு போவும்னீங்க. இந்த வாரம் அது போவாது, என் செவுரு போவும்ங்கறீங்க. அடுத்த வாரம் இன்னா சொல்லுவீங்க?”

நியாயமான கேள்வி. சர்வே ஃபீட், தசமம், பத்து லட்சத்துக்கு இரண்டு எல்லாம் என் பையில் இருந்தது. எடுக்கவில்லை. டேப்பின் ஒரு முனையை அவரிடம் நீட்டினேன்.

“நீங்க புடிங்க. நான் எதையும் படிக்க மாட்டேன். நீங்களே படிச்சு சொல்லுங்க. அப்புறம் படத்தைத் திறக்கறேன்.”

வாங்கிக்கொண்டு சாலை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முனையை அழுத்திப் பிடித்தார். முரளி சுவர் வரை இழுத்தார். கோவிந்தசாமி எழுந்துபோய் எண்ணைத் தானே படித்தார். மூன்று இடங்களில் அளந்தார். நான் புதிய வரைபடத்தை விரித்தேன். மூன்று எண்களும் அதில் இருந்தன. அவர் தன் எண்களை ஒரு தரம் முணுமுணுத்துக்கொண்டார், பிறகு தாளில் விரலை வைத்துப் பார்த்தார்.

“அவங்க ஊடுலாம் அளந்தாச்சா?”

“எங்க ஆளுங்க அளந்தாச்சு.”

“நான் அளக்கலையே” என்றார்.

வேனைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். பதினாலு வீட்டு வாசலிலும் டேப்பின் முனையை அவர்தான் பிடித்தார். செல்வியின் வீட்டுக்கு வந்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. செல்வி வெளியே வந்து மறுமுனையைப் பிடித்தார். பத்தொன்பது என்று கோவிந்தசாமி சத்தமாகப் படித்தார். செல்வி தலையாட்டிவிட்டு மாவு கொட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்விட்டார்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதிகாரிகள் வந்திருந்தார்கள். சார் என்னை எழுந்து பேசச் சொன்னார். வேலையில் அத்தனை வருடத்தில் கூட்டத்தில் பேசியது அதுவே முதல் தடவை. தப்பு எங்களுடையது என்று ஆரம்பித்தேன். அடியில் இரண்டு வகை இருப்பதையும், எங்கே தவறியது, எப்படித் தெரிந்தது என்பதையும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“ஒரு வாட்டி தப்பா போட்டவங்க இந்த வாட்டி சரியா போட்டிருக்கீங்கனு யார் சொல்றது?”

நான் பதில் சொல்ல எழுந்தேன். எனக்கு முன்னால் கோவிந்தசாமி எழுந்துவிட்டார்.

“நான் சொல்றேன். ஊட்டுக்கு ஊடு நான்தான் டேப்பு புடிச்சேன். அந்தம்மா போட்ட படம் சரியா இருக்குது. போவப்போறது என் செவுரு. சரியில்லைனா நான் உக்காந்துட்டு இருப்பேனா?”

கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். பக்கத்தில் தணிகாசலம் சார் வரைபடத்தை மடியில் விரித்து, இந்தத் தடவை நேராகவே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.